சாட்டை கேட்டு ஆள் அனுப்பிய மகனுக்கு

அன்பு மகனுக்கு என்றுதான் தொடங்க வேண்டும், பழக்கம் அப்படி. இங்கே காஜா பெராங்கில் நானும் உன் அம்மாவும் மரவள்ளிக்கிழங்கு தின்று நலமாக இருக்கிறோம். உன் நலத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. குருபோங் ரப்பர் தோட்டத்திலிருந்து நீ நடக்கவிட்டு அனுப்பிய குதிரைக்காரன் சடையன், கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இடுப்பு வலி இன்னும் போகவில்லையாம். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருகிறாயாம். உன் அம்மா கேட்டு வருத்தப்பட்டாள். நான் வருத்தப்படவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு நீ ஏமாற வேண்டாம்.

சடையன் கொண்டு வந்த சேதியை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். “நல்ல சாட்டையா ஒண்ணு வேணுமாம்ங்கய்யா. வெள்ளக்காரத் தொரைங்க கக்கத்துல வச்சிருந்தாங்கல்ல, அது மாதிரி. எப்புடிப் புடிக்கிறது, எப்புடிப் போடறதுன்னு நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணுமாம்.” தீபாவளிக்கு வந்து தலைகாட்ட நேரமில்லாத உனக்கு, அப்பன் ஒருவன் இருக்கிறான் என்பது குதிரை கீழே தள்ளிய பிறகு நினைவுக்கு வந்திருக்கிறது. அதே தோட்டத்தில் நான் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவன். துரைக்குக் காய்ச்சல் வந்தாலும், முதல் நாள் குடித்தது தெளியாவிட்டாலும், அவருடைய குதிரையில் ஏறி மலைக்காட்டைச் சுற்றி வந்தவன். அந்த வகையில் நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கேட்காததற்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் எலுமிச்சம்பழம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் நாயை ஏற்றிக்கொண்டு ஓடினார். குதிரையை விட்டுவிட்டுப் போனார், முந்நூறு கூலிக் குடும்பத்தையும் விட்டுவிட்டுப் போனார். நாய்க்கு இருந்த மரியாதை அவ்வளவு. புதிதாக வந்தவர்கள் உன்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். உட்காரத்தான் வைத்தார்கள், நீ துரையாகவே ஆகிவிட்டாய். பங்களாவுக்குக் குடிபோனாய். அவர் விட்டுப்போன பூட்ஸ் உன் காலுக்குப் பெரிது என்று உள்ளே தேங்காய் நார் அடைத்துப் போட்டுக்கொண்டாய். கூலிகள் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் ‘சின்ன கிராணி’ என்று கூப்பிட்டால் திரும்புவதில்லையாம், ‘தொரை’ என்றால்தான் காது கேட்கிறதாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். உனக்கு அது போதவில்லை, குதிரையும் வேண்டியிருந்தது. அதற்கு நல்ல நாள் பார்த்து, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினாயாம். அதுவரை தவறில்லை. அதன் பிறகு நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்து நான்கு குளம்புக்கும் முன்னால் வைத்தாயாம். லாரிக்கும் காருக்கும் வைப்பதைப் பார்த்திருக்கிறாய். மகனே, காருக்குக் கூச்சம் கிடையாது. லாடத்தில் பழம் நசுங்கியதும் குதிரை மிரண்டது. மேலே இருந்த நீ, பள்ளிக்கூடத்து ரோத்தான் பிரம்பை ஓங்கி அதன் காதில் ஒரு அடி போட்டாய். குதிரை ஆற்றுப் பக்கம் போனது, நீ சாணிக் குழிப் பக்கம் போனாய். பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்கு வந்து வரிசையில் நின்ற ஜனம் முழுவதும் மூச்சுக் காட்டாமல் நின்றது. சடையன் ஒருவன் சிரித்தான். நீ எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும் அவனிடம் சொன்னாய்: “அடுத்த தடவ சயாமுக்கு ஆள் எடுக்கறப்ப மொத ஆளு நீதான்டா.”

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று ஒரு பழமொழி. உன் குதிரை அப்படிச் செய்யவில்லை. கீழே விழுந்தவன்தான் குழி பறிக்கிறான், அதுவும் இன்னொருவனுக்கு. சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவரிடமிருந்தும் இந்த ஊருக்குச் சேதி வரவில்லை. காட்டில் வாந்திபேதியாம், விழுந்த இடத்திலேயே புதைக்கிறார்களாம் என்று கோயில் வாசலில் கிசுகிசுக்கிறார்கள். அரிசி உண்டு, கூலி உண்டு, திரும்பி வரலாம் என்று நீ பெரட்டில் நின்று சொல்லித்தானே முதல் கூட்டத்தை அனுப்பினாய்? எனக்குத் தெரியாது அப்பா என்று என்னிடம் சொல்லிவிடாதே. தெரியாதவன் அதைத் தண்டனையாகச் சொல்ல மாட்டான். சடையனுக்குத் தாயில்லை, பெண்டாட்டியில்லை, பின்னால் நின்று அழ ஒரு நாதியில்லை. உன் கணக்குக்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

சரி, சாட்டைக்கு வருகிறேன். நேற்றுக் காலை சடையனை அழைத்துக்கொண்டு தெங்கேராவுக்கு நடந்தேன். அங்கே ஒரு பாய், துரைமார் ஓடிப்போன பங்களாக்களிலிருந்து பல கை மாறி வந்த சாமான்களைக் கடையில் குவித்து வைத்திருக்கிறார். தொப்பி, குடை, பந்தடிக்கும் மட்டை, ஒரு பெரிய சாடி நிறையச் சாட்டைகள். “யாருக்கண்ணே குதுர? ஒங்களுக்கா?” என்றார். மகனுக்கு என்றேன். “ஓட்டத் தெரியுமா?” தெரியாது என்றேன். “அப்பச் சின்னதாப் பாருங்க. தெரியாதவங்க கையில நீளமா எதையும் குடுக்கப்படாது,” என்றார். உன்னைப் பார்த்தே இராத மனிதர் அவர்.

நீ வந்திருந்தால் எதை எடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தூண்டில் கம்பு போல நீளமாக, மெல்லியதாக, தலையில் வெள்ளிப் பூண் போட்டு ஒன்று இருந்தது. சடையன்கூட அதைத்தான் எடுத்துக் கொஞ்சினான். புதிதாக ஏறுகிறவனுக்கு அது ஆகாது. அவன் கை ஓரிடத்தில் நிற்காது. குதிரை துள்ளும்போதெல்லாம் நுனி அதன் விலாவில் பட்டுக்கொண்டே இருக்கும், ஓடச் சொல்கிறான் என்று குதிரை ஓடும். மெல்லிய நுனி தோலையும் கிழிக்கும். அகப்பை அளவில் ஒரு குட்டைச் சாட்டையும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அடிக்க எட்டவேண்டுமானால் உடம்பையே வளைக்க வேண்டும், அப்போது கடிவாளம் இழுபட்டு அதன் வாய் கிழியும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, அதற்கு மேல் ஒரு சாண். அவ்வளவு நீளம் போதும். தண்டு விறைப்பாக இருக்க வேண்டும், ஆட்டினால் நெளியக் கூடாது. பிடியில் தோல் சுற்றியிருந்தால் வியர்வைக்கு வழுக்காது. பிடியின் தலையில் குமிழ் இருந்தால் கையிலிருந்து நழுவாது. நுனியில் இரண்டு விரல் அகலத்தில் தோல் நாக்கு இருக்க வேண்டும். அகலமான நாக்கு சத்தம் போடும், வலியைக் குறைக்கும். இப்படிப்பட்ட ஒன்றைத் தேடி எடுத்தேன். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் வளையம் இருந்தது. அதை நான் அறுத்துவிட்டேன். மாட்டியிருப்பவன் விழும்போது சாட்டை கையோடு வந்து வாரில் சிக்கிக்கொள்ளும். நீ விழுவாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

திரும்பி வரும்போது சாலை முனையில் ஜப்பான்காரன் காவல் நிற்கிறான். அந்த வழியாகப் போகிற எவனும் நின்று குனிந்துவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு பேரும் குனிந்தோம். சாட்டை என் கக்கத்தில் இருந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கும் துரை போல இடுக்கிப் பார்க்க ஆசை வந்திருக்கிறது பார். நான் குனிந்ததும் அதன் நுனி பின்னால் வாலைப் போலத் தூக்கிக்கொண்டது. அவன், உன்னைவிட இளையவன், வந்து அதை உருவினான். வளைத்துப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். பிறகு என் தோளில் ஒன்று போட்டான். சத்தம் பிடித்திருந்தது போல, இன்னொன்றும் போட்டான். பக்கத்தில் சடையன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். புன்னகை இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. அவன் முறைக்க முறைக்க இவனுக்கு அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. பைத்தியம் என்று நினைத்தோ என்னவோ, காவல்காரன் சாட்டையை ரோட்டில் வீசிவிட்டுப் போகச் சொல்லிக் கைகாட்டினான்.

கொஞ்ச தூரம் வந்த பிறகு கேட்டேன். “ஏன்டா சிரிச்ச?”

“பயந்தா எனக்குச் சிரிப்பு வந்துருதுங்கய்யா. எங்க ஆத்தா செத்தன்னிக்குக்கூடச் சிரிச்சிட்டேன். லயத்துல எல்லாரும் சேந்து அடிச்சாங்க.”

“அன்னிக்கு அவன் விழுந்தப்பவும் அப்படித்தானா?”

“ஆமாங்கய்யா. தொர தலை கல்லுல படப் போவுதுன்னு பயந்துட்டேன்.”

இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படி. உன் தலையைப் பற்றி அந்தத் தோட்டத்தில் கவலைப்பட்ட ஒரே ஆள் இவன்தான். ஆனாலும், அடி வாங்கிய எரிச்சலில், காஜா பெராங் முனை வரும் வரை, இந்தச் சனியனைச் சயாமுக்கு அனுப்பினால்தான் என்ன என்று எனக்கும் தோன்றியது. முனை தாண்டியதும் போய்விட்டது. உனக்கு வாரக்கணக்காகியும் போகவில்லை. ஆக, இந்தச் சாட்டையைப் பற்றி நான் எழுதுவது கேள்விப்பட்டதல்ல. அது முதன்முதலில் விழுந்தது உன் அப்பன்மேல். சத்தம் அதிகம், வலி குறைவு. தோளில் இருந்த தடிப்பு இன்று காலையே வற்றிவிட்டது.

இனிப் பிடிக்கும் விதம். ஏறுவதற்கு முன் சாட்டையைக் குதிரைக்குக் காட்டு, மோந்து பார்க்கட்டும். கழுத்திலும் தோளிலும் மெதுவாகத் தடவிக் கொடு. காதில் வாங்கிய அடியை அது மறந்திருக்காது. அதன் பயம் போகும் வரை ஏறாதே. ஏறிய பின், குமிழ் பெருவிரல் பக்கம் மேலே நிற்க, கடிவாள வாரோடு சேர்த்து அதே கையில் பிடி. தண்டு உன் தொடைமேல் சாய்ந்து கீழே பார்த்திருக்க வேண்டும். நிமிர்த்திப் பிடிக்காதே, கொடி பிடிக்க இப்போது ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். குதிரையைப் போகச் சொல்ல முதலில் வாய். அடுத்தது கால். இரண்டு கெண்டைக்காலாலும் அதன் விலாவை லேசாக அழுத்து. அதற்கும் அசையாவிட்டால்தான் சாட்டை. வார் இரண்டையும் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, சாட்டைக் கையைப் பின்னால் கொண்டுபோய், உன் காலுக்குச் சற்றுப் பின்னே ஒரு தட்டு, ஒன்றே ஒன்று. குதிரை முன்னால் பாயும், பாயவிடு. தெரியாதவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு கையால் போ என்று அடிப்பார்கள், மறுகையால் நில் என்று வாரை இழுப்பார்கள். இரண்டு உத்தரவையும் ஒன்றாக வாங்கினால் குதிரை என்ன செய்யும்? பின்னங்காலில் எழுந்து நிற்கும். அரிசியை நிறுத்திவிட்டு இன்னும் ஒரு வரிசை மரத்தில் பால் வெட்டு என்று நீ பெரட்டில் அதட்டுவதாகச் சடையன் சொன்னபோது, உன் குதிரையேற்றம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் பார்க்காமலே தெரிந்துகொண்டேன்.

தலையில் அடிக்காதே. காதில் அடிக்கவே அடிக்காதே, அதன் பலனை அனுபவித்துவிட்டாய். நேரம் கழித்து அடிக்காதே, எதற்கு என்று அதற்குத் தெரியாது. நீ விழுந்ததற்காக அதை அடிக்காதே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும். நான் முதன்முதலாக அதே தோட்டத்தில் குதிரையேறி விழுந்தபோது, துரை சிரித்தார், அவர் பெண்டாட்டி சிரித்தாள், சமையல்காரன் சிரித்தான், லயமே சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறினேன். எனக்குப் பொறுமைசாலி என்று பெயர் வந்தது. உண்மை என்னவென்றால், அவர்களில் ஒருவரையும் எங்கேயும் அனுப்புகிற அதிகாரம் என்னிடம் இல்லை. உனக்கு அது கிடைத்திருக்கிறது. சிரித்தவனைப் பிடித்துக் கொடுப்பது உனக்குப் புதிதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நீ சாக்கடையில் வழுக்கி விழுந்தபோது சிரித்த பையனை வாத்தியாரிடம் சொல்லி அடி வாங்கிக் கொடுத்தாய். அன்று ரோத்தான் வாத்தியார் கையில் இருந்தது. அவர் இரண்டு அடியோடு நிறுத்தினார்.

ஜப்பான் அதிகாரி தோட்டம் பார்க்க வரும்போது குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்து வரவேற்க வேண்டும் என்பது உன் திட்டமாம். உனக்கு மூளை என்று ஒன்றை வைத்தாரா கடவுள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவன் தரையில் நிற்பான், நீ அவன் தலைக்கு மேலே உட்கார்ந்திருப்பாய், அப்படியா? சாதாரணக் காவல்காரனைச் சைக்கிளில் தாண்டினாலே இறங்கிக் குனியச் சொல்கிற காலம் இது. ஏறுவதை விட்டுவிட்டு இறங்கப் பழகு. வலது காலை அங்கவடியிலிருந்து எடுத்து, முதுகைத் தாண்டிக் கொண்டுவந்து, விழாமல் இறங்கு. சாட்டையைச் சேணத்தில் செருகு, கக்கத்தில் இடுக்காதே. பிறகு குனி. குனிவதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அதில் நீ நன்றாகத் தேறிவிட்டாய் என்று கேள்வி.

இப்போது கடைசி விஷயம். சாட்டை உனக்கு வந்து சேரும். பக்கத்து வீட்டுச் செட்டிக்காரர் கிளேபாங்கில் மீன் எடுத்துக் குருபோங் பக்கம் சைக்கிளில் கொண்டு போகிறவர், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பல தலைமுறையாக இந்த ஊரோடு கலந்துவிட்ட குடும்பம், நம்மைப் போலக் கோயிலுக்குப் போகிறார், விபூதி பூசுகிறார், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதத்தையும் அவரிடமே தருகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. சடையன் வர மாட்டான்.

அவன் வரத்தான் துடித்தான். இன்று விடிந்ததும் சாட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். “நான் கெளம்புறேங்கய்யா. குதுரைக்கு யாரு தண்ணி காட்டுவா?” என்றான்.

“போனா ஒன்னச் சயாமுக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கானேடா.”

“அது அடுத்த மாசந்தானுங்களே. குதுர இன்னிக்கே பசியா இருக்கும்ல.”

உன் அம்மாதான் அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள். “குதுரைக்குத் தொர தண்ணி காட்டுவாரு. நீ உக்காந்து சாப்புடு,” என்றாள். நீ விழுந்ததைக் கேட்டு வருத்தப்பட்டாள் என்று மேலே எழுதினேனே, அதே அம்மாதான். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. பெட்ரோல் இல்லாமல் லாரிகள் படுத்த பிறகு, இந்த ஊரில் வண்டிக் குதிரைக்கு நல்ல கிராக்கி. குதிரையைத் தெரிந்த ஆளுக்கும் கிராக்கி. அவன் எங்கே, யாரிடம், என்ன பெயரில் இருக்கப் போகிறான் என்று எழுத மாட்டேன். உன் குதிரைக்காக அவன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை தண்ணீர் காட்ட வேண்டுமாம். ஓடி வந்த சூட்டில் காட்டக் கூடாதாம். இடது பக்கமாகப் போனால் மிரளுமாம், அந்தக் காதில்தான் நீ அடித்தாய். வலது பக்கமாகப் பேசிக்கொண்டே போக வேண்டுமாம். அதற்குப் பெயர் வைத்திருக்கிறானாம், உன்னிடம் சொல்ல வெட்கப்படுகிறான். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வாளியைத் தூக்கு.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஆள் குறையும். இத்தனை பேர் என்று கேட்பார்கள், குறைந்தால் உன் கன்னத்தில் விழும், பங்களா போகும், குதிரையும் போகும். உனக்குப் பதில் சொல்ல வேண்டிய கஷ்டம் இருக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. லயத்தில் வேறொருவனைப் பிடித்து அந்த இடத்தை நிரப்பலாம் என்றுதான் உன் புத்தி போகும். வேண்டாம். அவர்களுக்கெல்லாம் அழ ஆள் இருக்கிறார்கள். சடையன் இடத்தில் என்னைப் போட்டுக்கொள். வயதை ஐம்பது என்று எழுது, பல்லைப் பிடித்துப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. மண் சுமக்க முடியாவிட்டாலும் சுமந்தவர்களை எண்ணிக் கணக்கு வைப்பேன், அதுதானே எனக்குத் தெரிந்த வேலை. என்றைக்கு, எந்த ஸ்டேஷன் என்று செட்டிக்காரரிடம் சொல்லியனுப்பு, ஒரு போர்வையோடு வந்து நிற்கிறேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெயரை எழுதுவதில் உனக்குச் சிரமம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து, உன் பெயருக்கு முன்னால் போட்டுப் பழகிய பெயர்தான்.